எண்பத்திரண்டாவது வெற்றி

பேஸ்போலில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் முடியும்வரை ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் ஆட்டம் உண்டு. சமநிலை என்பது அங்கே நடைமுறையில் இல்லை. வெற்றி, அல்லது தோல்வி. எனவே 81 ஆட்டங்களில் வென்றால் பாதிக்குப் பாதி. 82இல் வென்றால் அது வெற்றிப் பருவம். கிண்ணம் கிடைப்பது வேறு விடயம். தோற்றதைவிடக் கூடுதலாக வென்றோம் என்று சொல்லக் கிடைப்பதுதான் ஒரு சாதாரண அணியின் மானம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிட்ஸ்பேர்க் நகரின் பைரேட்ஸ் அணிக்கு 1993 முதல் 2012 வரை, இருபது பருவங்கள், அந்த மானம் வாய்க்கவில்லை. 1909, 1925, 1960, 1971, 1979 என ஐந்து முறை உலகத் தொடரை வென்ற பழம்பெரும் அணி அது. 1992 ஒக்டோபர் 14ஆம் திகதி இரவு, அட்லாண்டாவில், இறுதிச் சுற்றுக்கு ஒரேயொரு ஆட்டமிழப்புத் தூரத்தில் நின்றது. எதிரணியின் கடைசித் துடுப்பாட்டக்காரர் பந்தை இடப்புறம் அடித்தார். பரி பொண்ட்ஸ் எடுத்து எறிந்தார். பந்து வந்து சேர்வதற்குள் சிட் பிரீம் சறுக்கிக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டுவிட்டார். அந்தப் பிரீம் முன்னர் பைரேட்ஸ் அணியிலேயே ஆடியவர். அதன்பின் இருபது வருடங்கள் தோல்வி. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுக்களில் வேறெந்த அணியும் அவ்வளவு காலம் தொடர்ந்து தோற்றதில்லை.

இந்த அணியின் 2013ஆம் வருடப் பருவத்தைப் புத்தளம் மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து ஆட்டம் ஆட்டமாகத் தொடர்ந்தவன் நான். அவ்வணியின் பழைய அட்டைகளைச் சேகரிக்கத் தொடங்கியதும் அதே வருடத்தில்தான். கிரிக்கெட்டிலே வளர்ந்த ஒரு வாத்தியாருக்கு இது என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் கொஞ்சம் நீளமானது.

என் மாமியின் மகன், ஆறு வயது மூத்த மச்சான், 1990களின் இறுதியில் படிக்கப் போனவர் பிட்ஸ்பேர்க்கிலேயே தங்கிவிட்டார். ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து கற்பிட்டிக்கு ஒரே படகில் வந்தவர்கள் நாங்கள். முகாமில் எங்கள் இரு குடும்பங்களுக்கும் நடுவே ஒரு கிடுகுத் தட்டிதான் இருந்தது. 2006இல் மாமா புத்தளத்தில் மௌத்தானபோது மச்சானால் வந்து சேர முடியவில்லை. அதன் பிறகு எங்களுக்கிடையில் பேச்சுக் குறைந்தது. பெருநாளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. சுகமா, சுகம். பிள்ளைகள் படிக்கிறார்களா, படிக்கிறார்கள். ஊரைப் பற்றிப் பேச்செடுத்தால் வேறு கதைக்குப் போய்விடுவார். யுத்தம் முடிந்து, மன்னாருக்குத் திரும்புவோர் திரும்பிக்கொண்டிருந்த காலம். மாமாவின் வளவைத் துப்புரவாக்க வேண்டும், எல்லைக்கல் போட வேண்டும், அதற்கு மகனின் சொல் வேண்டும். மாமி என்னிடம் கேட்பார். நான் அவரிடம் கேட்பேன். “பார்ப்பம் மச்சான்” என்பதோடு அது முடிந்துவிடும்.

2013 ஏப்ரலில் ஊருக்கு வந்த ஒருவரிடம் சிறு பொதியொன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். என் பிள்ளைகளுக்குச் சொக்லேட். எனக்கு, ஒவ்வொன்றும் பொலித்தீன் உறையிலிட்ட பன்னிரண்டு பழைய பேஸ்போல் அட்டைகள். கூடவே ஒரு துண்டு: “எறிஞ்சிடாதே. இந்த முறை பாதிக்கு மேல வெல்லுவாங்க போல கெடக்கு.”

*

பேஸ்போல் அட்டை என்பது ஒரு பக்கத்தில் வீரரின் படமும் மறுபக்கத்தில் அவரைப் பற்றிய தகவலும் அச்சிட்ட சிறிய கடதாசி அட்டை. ஆரம்பத்தில் அது சிகரெட் பெட்டிக்குள் வந்தது. பெட்டி நசுங்காமலிருக்க வைத்த அட்டையில் படம் அச்சிட்டால் வாங்குபவர் திரும்ப வருவார் என்பது கம்பனிகளின் கணக்கு. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பனி வெளியிட்ட தொடரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் உண்டு. சேகரிப்பாளர்கள் அதனை ‘டி206’ என்பார்கள். பின்னர் சூயிங்கம் வந்தது. 1933இல் கௌடி கம்பனி, 1950களில் டொப்ஸ் கம்பனி என அட்டைகள் சிறுவர்களின் கைக்கு மாறின.

டி206 தொடரில் மிகப் பெறுமதியானது பைரேட்ஸ் அணியின் ஹோனஸ் வாக்னருடையது. ஜேர்மனியிலிருந்து குடியேறியவர்களின் மகன்; பிட்ஸ்பேர்க்கிற்கு அருகிலே நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவனாக வேலை செய்தவர். அவரது அட்டை அச்சாகத் தொடங்கிய சிறிது காலத்திலேயே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் தன் படத்துக்காகச் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு கதை. தனக்குரிய பணம் தரப்படவில்லை என்பதால் மறுத்தார் என்பது இன்னொரு கதை. அவரே புகையிலை பாவித்தவர் என்பதால் இரண்டாவது கதைக்கும் ஆட்கள் உண்டு. எப்படியோ, அறுபது அளவிலான பிரதிகளே எஞ்சியுள்ளன. 2022இல் அதிலொன்று 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோனது.

அதே வருட ஓகஸ்டில் 1952ஆம் வருட டொப்ஸ் அட்டையொன்று, மிக்கி மன்டிலுடையது, ஒரு கோடி 26 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. அந்த 1952 தொடரின் கடைசிப் பகுதி விற்பனையாகாமல் களஞ்சியத்தில் கிடந்ததால், 1960இல் டொப்ஸ் கம்பனியின் சை பேர்கர் என்பவர் அட்டைப் பெட்டிகளைப் படகொன்றில் ஏற்றிக் கொண்டுபோய் அத்திலாந்திக் கடலில் கொட்டினார். தொடரை வடிவமைத்தவர்களில் ஒருவரும் அவரேதான். அந்த நாளில் அவை குப்பை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் கடதாசி சேகரிப்பு இயக்கங்களுக்குப் போன அட்டைகள் எத்தனையோ. மகன் பட்டாளத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போனதும் தாய் வீட்டைக் கூட்டி அள்ளி எறிந்த சப்பாத்துப் பெட்டிகள் எத்தனையோ. சேகரிப்பாளர்கள் கூடுமிடத்தில் “என் உம்மா எறிந்துவிட்டார்” என்பதுதான் பொதுக் கதை. இன்று இவற்றின் விலை ஏறியிருப்பதற்கு அந்த எறிந்தவர்களே காரணம்.

இதற்கு மாறான காலமும் உண்டு. 1980களின் பிற்பகுதியில், பழைய அட்டைகள் விலைபோவதைக் கண்ட எல்லோரும் புதியவற்றை வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். கம்பனிகளும் கணக்கின்றி அச்சிட்டன. எவரும் எறியவில்லை. அதனால் அவை இன்றும் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றிற்கு ஒரு தேநீரின் விலைகூட இல்லை.

என்னிடமும் ஒரு சேகரிப்பு இருந்தது. பத்திரிகையில் வரும் கிரிக்கெட் படங்களை வெட்டி, கோதுமை மாப் பசையால் ஒட்டிய 80 பக்கக் கொப்பி. ரணதுங்கவும் அரவிந்தவும் முன் பக்கங்களில். பின் பக்கங்களில் தீப்பெட்டி லேபல்கள். 1990இல் அது மன்னாரில், அலுமாரிக்கு மேலே இருந்தது. கைகளில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போன நாளில் பத்து வயதுப் பையனின் கொப்பி யாருடைய நினைவிலும் வராது. 2010இல் போய்ப் பார்த்தபோது அலுமாரி இருந்த அறையுமில்லை, கூரையுமில்லை. அந்தக் கொப்பிக்கு எந்தச் சந்தையிலும் விலை கிடையாது. ஏதாவதொன்று அரிதாவதால் மட்டும் பெறுமதி வந்துவிடுவதில்லை. அதைத் தேடுகிறவர் இன்னொருவரும் இருக்க வேண்டும்.

*

கோடிக்கு விலைபோகும் அட்டைகள் வேறு உலகம். மச்சான் அனுப்பியவை 1950களிலும் 60களிலும் வந்த சாதாரண வீரர்களின் அட்டைகள். மூலைகள் தேய்ந்தவை, நடுவில் மடிந்தவை. இப்படியானவற்றைச் சில டொலர்களுக்கு வாங்கலாம். அட்டைகளைத் தரம்பிரித்து ஒன்றிலிருந்து பத்துவரை புள்ளியிடும் கம்பனிகள் அமெரிக்காவில் உண்டு. பேனைக் கோடு விழுந்த அட்டை அவர்களிடத்தில் தேறாது.

ஆனால் எனக்குப் பிடித்தவை பேனைக் கோடு விழுந்தவைதான். அந்தக் காலத்துச் சிறுவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வீரர் அணி மாறினால், அட்டையிலுள்ள பழைய அணியின் பெயரை வெட்டிவிட்டுப் புதிய பெயரை எழுதி வைப்பார்கள். அட்டை பொய் சொல்லக்கூடாது என்பது அவர்களது நியாயம். எனக்கு வந்த பன்னிரண்டில் ஒன்றிலே, பைரேட்ஸ் என்பது நீல மையால் வெட்டப்பட்டிருந்தது. மேலே வேறொரு நகரின் பெயர் குழந்தை எழுத்தில் இருந்தது. அதுவும் வெட்டப்பட்டு மூன்றாவது பெயர் பென்சிலால்.

எங்கள் பாடசாலையின் சேர்வு இடாப்பை எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. 1990களில் புத்தளம் பாடசாலைகளில் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே நிரந்தர முகவரி என்று மன்னாரோ முசலியோ யாழ்ப்பாணமோ இருக்கும். தற்காலிக முகவரி என்று ஒரு முகாமின் பெயர் இருக்கும். முகாம் மாறினால் அது வெட்டப்படும். நிரந்தர முகவரியை யாரும் வெட்டுவதில்லை; அங்கே யாரும் வசிப்பதுமில்லை. பயிற்சிக் கலாசாலையில் இடாப்பில் வெட்டுக்குத்து இருக்கக்கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். சரியான விதிதான். ஆனாலும் வெட்டுக்குத்து இல்லாத இடாப்பு அந்தப் பிள்ளைகளைப் பற்றி எதைச் சொல்லும்?

அந்தப் பன்னிரண்டில் பெயர்பெற்ற வீரர் ஒருவரும் இருந்தார். அட்டையிலே ‘பொப் கிளெமென்டே’ என்றிருந்தது. அவரது பெயர் பொப் அல்ல, ரொபேர்டோ. 1934இல் புவேர்ட்டோ ரிக்கோவின் கரோலினாவில் பிறந்தவர். 1955 முதல் 1972 வரை பைரேட்ஸ் அணியின் வலப்புறக் களத்தைக் காத்தவர். 1955, 1956 அட்டைகளில் சரியான பெயரோடு வந்தவரை, 1957 முதல் 1969 வரை டொப்ஸ் கம்பனி பொப் ஆக்கிவிட்டது. அமெரிக்கர்களின் வாய்க்கு அது இலகு என்று நினைத்திருக்கலாம். பத்திரிகைக்காரர்களோ அவர் பேசிய ஆங்கிலத்தை அவரது உச்சரிப்பிலேயே எழுத்துக்கூட்டி அச்சிட்டார்கள், வாசகர்கள் சிரிக்கட்டும் என்று. அவர் தன் பெயரை ரொபேர்டோ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 1970இல் அட்டையில் அந்தப் பெயர் திரும்பியது. எங்கள் பேச்சை நாடகங்களில் நகைச்சுவைக்கு வைத்துக்கொண்டதையும், எங்கள் பெயர்களை அலுவலகங்களில் தங்கள் வசதிக்கு எழுதியதையும் அறிந்த நமக்கு, அந்தப் பதின்மூன்று வருடங்களின் நீளம் விளங்கும்.

1972 செப்டெம்பர் 30ஆம் திகதி கிளெமென்டே தன் மூவாயிரமாவது அடியைப் பெற்றார். அதுவே அவருடைய வழமைப் பருவத்தின் கடைசி அடியாகவும் ஆயிற்று. டிசம்பர் 23இல் நிகரகுவாவின் மனாகுவா நகரைப் பூகம்பம் தாக்கியது. அனுப்பிய நிவாரணப் பொருட்களை அங்கிருந்த இராணுவத்தினர் அபகரிப்பதாகக் கேள்விப்பட்டு, தானே கூடப் போனால் மக்கள் கையில் சேரும் என்று டிசம்பர் 31ஆம் திகதி இரவு விமானத்தில் ஏறினார். பாரம் மிகுந்த அந்தப் பழைய விமானம் புறப்பட்ட சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. அவரது ஜனாஸா கிடைக்கவில்லை. அவருடைய சட்டை இலக்கம் 21. பிட்ஸ்பேர்க் மைதானத்தின் வலப்புறச் சுவர் இன்றும் 21 அடி உயரம்.

*

இப்போது 2013 பருவத்தின் நெருக்கடி விளங்கும். தோல்விப் பருவங்கள் இருபதாகிவிட்டன. இன்னொன்று வந்தால் இருபத்தொன்று. கிளெமென்டேயின் இலக்கத்தை ஒரு தோல்விக் கணக்கோடு சேர்த்துச் சொல்ல அந்த நகரத்து மக்களுக்கு மனம் வரவில்லை. மச்சான் அதைச் சொன்னபோது அவரது குரலில் பழைய மன்னார் மைதானத்துக் குரல் இருந்தது.

பிட்ஸ்பேர்க்கின் கோடைகால நேரத்துக்கும் நமக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். அங்கே இரவு 7.05க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே அதிகாலை 4.35. சுபஹுக்கு எழும்புகிறவனுக்கு இதைவிட வசதியான விளையாட்டுக் கிடையாது. காட்சியாகப் பார்ப்பதற்கு எங்கள் பகுதியின் இணையம் இடந்தராது. கைத்தொலைபேசியில் பந்துக்குப் பந்து எழுத்தாக வருவதை வாசிப்பேன். தொழுதுவிட்டு வரும்போது மூன்று இனிங்ஸ் முடிந்திருக்கும். தேநீரோடு ஆறாவது இனிங்ஸ். பாடசாலைக்குச் சைக்கிள் எடுக்கும்போது கடைசி. அந்த வருட ரமழான் ஜூலையில் வந்தது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. சஹருக்குப் பிறகு தூங்காமல் ஆட்டம் முழுவதையும் தொடர்ந்தேன். மாத முடிவில் சென் லூயிஸ் அணியோடு ஐந்து ஆட்டங்கள். நான்கில் பிட்ஸ்பேர்க் வென்றது. ஐந்தாவதில் படுதோல்வி. “நோன்பு திறக்கிற நேரத்தில இந்தத் தோல்வியைச் சொல்லிடாதே” என்று மச்சானே அழைத்துச் சொன்னார். அவர் அழைத்தது அந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

அந்த அணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருந்தது. அன்ட்ரூ மெக்கச்சன் அவ்வருடத்தின் மிகப் பெறுமதியான வீரராகத் தெரிவானார். பிரன்சிஸ்கோ லிரியானோ, முந்திய நத்தாருக்குப் பிள்ளைகளை வேடிக்கையாகப் பயமுறுத்தப் போய்க் கதவில் கையை அடித்து முறித்துக்கொண்டவர், மே மாதத்தில்தான் வந்து சேர்ந்து 16 ஆட்டங்களில் வென்றார். நல்லவேளையாக முறிந்தது பந்தெறியும் கையல்ல. இரண்டாம் தளத்தில் நின்ற நீல் வோக்கர் அதே நகரத்துப் பையன். அவரது தந்தை டொம் வோக்கரும் பந்தெறிபவராக இருந்தவர். 1972 டிசம்பரில் புவேர்ட்டோ ரிக்கோவில் விளையாடிக்கொண்டிருந்தார். அந்த விமானத்தில் பொருட்களை ஏற்ற உதவியவர்களில் ஒருவர். தானும் வருவதாகச் சொன்னார். இடமில்லை, நீ போய்ப் புதுவருடத்தைக் கொண்டாடு என்று கிளெமென்டே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவ்வாறு இறக்கிவிடப்பட்டவரின் மகன்தான் நாற்பத்தொரு வருடத்தின் பின் அந்த அணிக்காக நிற்கிறார். படகுகளில் இடமிருந்தது, இல்லாமற்போனது என்ற கணக்கில் உயிர் தங்கிய நம் கதைகளைப் போலத்தான் இதுவும்.

செப்டெம்பர் 3ஆம் திகதி 81ஆவது வெற்றி வந்தது. இருபத்தொராவது தோல்விப் பருவம் இனியில்லை. ஆனால் 82 வரவில்லை. தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் தோற்றார்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி டெக்சாஸில், கெரிட் கோல் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர் ஏழு இனிங்ஸ் வரை ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. பெட்ரோ அல்வாரெஸ் அடித்த ஓர் அடியில் ஒரேயொரு ஓட்டம். ஒன்றுக்குப் பூச்சியம். இங்கே அது பத்தாம் திகதி செவ்வாய்க்கிழமை காலை. இடைவேளை மணி அடித்த பின் தொலைபேசியைப் பார்த்தேன். மச்சானின் செய்தி ஒரே சொல்: “அல்ஹம்துலில்லாஹ்.”

*

கிரிக்கெட்டில் ஓட்டம் என்பது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவது. போய்ச் சேர்ந்தால் ஒன்று. பேஸ்போலில் அப்படியல்ல. துடுப்பாட்டக்காரர் தன் இடத்திலிருந்து புறப்பட்டு, முதலாம், இரண்டாம், மூன்றாம் தளங்களைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஓட்டம். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே வீடு என்பதுதான். மூன்றாம் தளம்வரை போய் நின்றாலும், திரும்பி வராவிட்டால் கணக்கில் ஒன்றுமில்லை. ஆட்டத்தின் முடிவில் அச்சாகும் புள்ளிவிபரத்தில் இவ்வாறு தளங்களில் நின்றுபோனவர்களின் தொகையைத் தனியாகக் கொடுப்பார்கள்.

அந்தச் செப்டெம்பர் 21ஆம் திகதி வட மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் நடந்தது. புத்தளத்திலிருந்து பஸ்கள் மன்னாருக்குப் போயின. வாக்களித்துவிட்டு மாலையில் திரும்பி வந்தார்கள். போனது ஊருக்கா, வந்தது ஊருக்கா என்று அன்று பஸ்ஸிலிருந்த ஒரு முதியவர் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதை மச்சானிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “மூணாந் தளம்” என்றார். அடுத்த சொல்லாக, வளவை வெட்டித் துப்புரவாக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். ஏழு வருடங்களாக மாமி கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

ஒக்டோபர் 1ஆம் திகதி சின்சினாட்டி அணியுடன் ஒற்றை ஆட்டம். தோற்றவர் வீட்டுக்கு. நாற்பதாயிரம் பேர் கறுப்பு உடையோடு மைதானத்தை நிறைத்திருந்தார்கள். எதிரணியின் பந்தெறிபவர் ஜொனி குவெட்டோவின் பெயரை முழு மைதானமும் இழுத்து இழுத்துக் கூவியது. அவர் கையிலிருந்த பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை ரசல் மார்ட்டின் மைதானத்துக்கு வெளியே அடித்தார். என் தொலைபேசியில் அது ஒரு வரி. மச்சானோ கூட்டத்தின் நடுவிலிருந்து அழைத்து ஒன்றும் பேசாமல் தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். எங்கள் வீட்டுக் குசினியில், காலை ஆறு மணி தாண்டிய நேரத்தில், ஒரு தூர நகரம் இருபது வருடத்து மூச்சை விடும் சத்தம் கேட்டது. ஆட்டத்தை 6–2 என வென்றார்கள்.

அடுத்த சுற்றில் சென் லூயிஸிடம் ஐந்தாவது ஆட்டத்தில் தோற்று அந்தப் பருவம் முடிந்தது. மொத்தம் 94 வெற்றி, 68 தோல்வி. கிண்ணம் கிடைக்கவில்லை.

டிசம்பர் விடுமுறையில் மச்சான் வந்தார். மாமியையும் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போனோம். பற்றையை வெட்டியபோது கிணற்றுக்கட்டு அப்படியே இருந்தது. எல்லைக்குக் கம்பி போட்டார். மாமாவின் கபுறடிக்குப் புத்தளத்தில் போனபோது நான் வாசலில் நின்றுகொண்டேன். இரண்டு கிழமையில் அவர் திரும்பிப் போனார். அவரது பிள்ளைகள் அங்கே, வேலை அங்கே. நானும் இன்றுவரை புத்தளத்தில்தான் படிப்பிக்கிறேன். வளவில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது. வருடத்தில் இரண்டு தடவை போவேன். பைரேட்ஸ் அணி 2014இலும் 2015இலும் ஒற்றை ஆட்டத் தகுதிச் சுற்றில் தோற்றது. அதன்பின் 2025 வரை அந்தச் சுற்றைக்கூட எட்டவில்லை. 2018இல் வேறு அணிக்குக் கொடுக்கப்பட்ட மெக்கச்சன் 2023இல் பிட்ஸ்பேர்க்குக்குத் திரும்பினார். அன்று மைதானத்தார் எழுந்து நின்று கைதட்டியதை மச்சான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

*

என் சேகரிப்பில் இப்போது இருநூற்றுக்குச் சற்றுக் கூடுதலான அட்டைகள் உள்ளன. அவற்றில் ஒன்று சாம் கலீபாவுடையது. 1986ஆம் வருட டொப்ஸ். வாக்னர் நின்ற அதே களநிலையில், அதே அணிக்கு, 1985 முதல் 1987 வரை ஆடியவர். மேஜர் லீக்கில் ஆடிய முதல் முஸ்லிமாக அவரையே குறிப்பிடுவது வழக்கம். பத்தொன்பது என்ற இலக்கத்தை வைத்து ஒரு காலத்தில் நம்மிடையேயும் விவாதத்தைக் கிளப்பிய, பின்னர் உலமாக்களால் நிராகரிக்கப்பட்ட ரஷாத் கலீபாவின் மகன். தந்தை 1990 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். மகன் அதன்பின் பெரிய களத்துக்குத் திரும்பவில்லை. கணக்கின்றி அச்சிட்ட காலத்து அட்டை என்பதால் விலை சில சதங்கள். நமது வட்டத்தில் யாரிடம் காட்டினாலும் பெயரைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் கையில் வைத்திருக்கிறார்கள்.

சேகரிக்க முடியாத அட்டையும் உண்டு. ஜொஷ் கிப்சன் பிட்ஸ்பேர்க்கின் கறுப்பின அணிகளான ஹோம்ஸ்டெட் கிரேஸுக்கும் பிட்ஸ்பேர்க் குரோபேர்ட்ஸுக்கும் ஆடியவர். கறுப்பினத்தவருக்கு மேஜர் லீக்கின் கதவு பூட்டியிருந்த காலம். ஜக்கி ரொபின்சன் அந்தக் கதவைத் திறப்பதற்கு மூன்று மாதம் முன்னர், 1947 ஜனவரியில், முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். அவர் ஆடிய நாளில் அமெரிக்கச் சிறுவர்கள் வாங்கிய சூயிங்கம் அட்டைகளில் அவரது முகம் இல்லை. எறியப்பட்டதால் அரிதானதல்ல, அச்சிடப்படவேயில்லை. 2024 மே மாதத்தில் மேஜர் லீக், கறுப்பின லீக்குகளின் புள்ளிகளைத் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டது. ஆராய்ச்சியாளர்கள் பழைய பத்திரிகைகளில் ஆட்டம் ஆட்டமாகத் தேடி எடுத்த கணக்கு அது. அதன்படி கிப்சனின் சராசரி .372. டை கொப்பின் .367ஐத் தாண்டி எல்லாக் காலத்துக்கும் முதலிடம். இறந்து எழுபத்தேழு வருடங்களின் பின்.

அன்று இரவு மச்சானோடு பேசிவிட்டு ஒரு புதிய கொப்பி எடுத்தேன். மன்னாரில் நாங்கள் படித்த பாடசாலையின் 1990ஆம் வருட இடாப்புகள் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. அந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் யார் யார் இருந்தோம் என்று எழுதத் தொடங்கினேன். எனக்கு நினைவிலிருந்தவை பத்தொன்பது பெயர்கள். மாமி நான்கு சொன்னார். பிட்ஸ்பேர்க்கிலிருந்து மச்சான் தன் வகுப்பின் முப்பத்தொன்றைச் சொன்னார், இருந்த வாங்கின் ஒழுங்கிலேயே. கற்பிட்டியில், கொழும்பில், லண்டனில் இருப்பவர்களைக் கேட்டுக் கேட்டு இப்போது இருநூற்றுப் பதினாறு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அன்று இருந்த வளவு, இன்று இருக்கும் இடம். மாறியவர்களுக்குப் பழையதை ஒரு கோட்டால் வெட்டி, வாசிக்கக்கூடியதாக விட்டு, மேலே புதியதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. இதை வாசிப்பவர்களில் அந்த வருடம் மன்னாரில் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் உங்கள் பெயரையும், பக்கத்தில் இருந்தவரின் பெயரையும் இந்தச் சஞ்சிகைக்கு எழுதுங்கள். ஆசிரியர் என்னிடம் சேர்ப்பிப்பார்.